பெட்டிப் பலகை வீட்டுக்கு முட்டுக் கொடுத்த நாள்

அன்றைக்கு அந்த மனையில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒருவரை விட்டுவிட்டாலும் எனக்கு மனசு ஆறாது. அப்பா, அம்மா, அப்பாவின் அக்காவான வெள்ளானூர் அத்தை, அம்மாவின் தம்பியான மாமா, பூந்தமல்லியில் பழைய மரக்கடை வைத்திருந்த பாய், காலை எட்டு மணி வரைக்கும் ஆசாரி, பத்து வயது நான், நான்கு வயதுத் தம்பி. மொத்தம் எட்டுப் பேர். ஆசாரி போய்விட்டார், தம்பி தூங்கிவிட்டான். மிச்சம் ஆறு பேர். அந்த ஆறு பேரும் சேர்ந்து அன்று மத்தியானம் ஒரு வீட்டைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றோம்.

என் வயதுக்காரர்களுக்குப் பெட்டிப் பலகை என்றால் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் மறந்திருப்பீர்களோ என்று ஒரு பயம், அதனால் சொல்கிறேன். எண்பதுகளில் அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளுக்கு வெளிநாட்டிலிருந்து மெஷின் வரும். ஒவ்வொரு மெஷினும் ஒரு சின்ன ரூம் அளவுக்கு மரப்பெட்டியில் உட்கார்ந்து வரும். மெஷினை இறக்கியதும் அந்தப் பெட்டியை எடைக்குப் போடுவார்கள். வேலை செய்கிறவர்கள் பேர் கொடுத்து வைத்தால் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு அவர்களுக்கே தருவார்கள். அம்பத்தூரிலும் ஆவடியிலும் எத்தனை வீட்டு அலமாரி, கட்டில், கோழிக்கூண்டு அந்த மரத்தில் செய்தது தெரியுமா. எங்க அப்பா ஒரு படி மேலே போனார். வீடே கட்டலாம் என்று முடிவு செய்துவிட்டார்.

நான்கு பெட்டிக்குப் பேர் கொடுத்தார். இரண்டு வருஷத்தில் நான்கும் வந்து சேர்ந்தன. பெட்டியின் அடியில் மெஷினைத் தாங்குகிற கட்டை இருக்கும், என் இடுப்பளவு கனம். அதை அறுத்தால் கால். பக்கத்துப் பலகைகள் சுவருக்கு. அந்த மரத்தின் வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. கற்பூரமும் பிசினும் கலந்த மாதிரி, கொஞ்சம் மருந்துக்கடை மாதிரி. நம் ஊர் மரம் எதற்கும் அந்த வாசனை கிடையாது. பலகைகளில் கறுப்பு மையில் படம் அச்சடித்திருக்கும்: ஒரு விரித்த குடை, ஒரு கண்ணாடிக் கோப்பை, மேலே பார்த்த இரண்டு அம்பு. குடை போட்ட பலகை வந்தால் வீடு ஒழுகாது என்று அம்மா சந்தோஷப்படுவாள். கோப்பை போட்ட பலகையை அப்பா திருப்பிப் போட்டு அடுக்குவார். அவர் அப்போதுதான் குடியை விட்டிருந்தார்.

ஆணி பிடுங்குவது என் வேலை. கடப்பாறை நுனியால் நெம்பினால் ஆணி 'க்ரீச்' என்று கத்திக்கொண்டு வரும். வளைந்ததைக் கருங்கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தி டால்டா டப்பாவில் போட வேண்டும். இரண்டு டப்பா நிறைந்தது. அந்த டப்பாக்கள் எங்கே போயின என்று தெரியவில்லை. எனக்குத் துருப்பிடித்த ஆணி குத்தி ஜன்னி வந்து வாய் கோணிக்கொள்ளும் என்ற பயம். தினமும் படுக்கப் போகும் முன் கண்ணாடியில் வாயைப் பார்த்துக்கொள்வேன். வீட்டில் எல்லோருக்கும் இது சிரிப்பு. பயந்தாங்கொள்ளி என்பது எனக்கு அப்போதே நிலைத்த பேர். கோடையில் வறண்டு கிடக்கிற ஏரி உடைந்துவிடுமோ என்று பயந்தவள் நான். இப்போதும் வீட்டைப் பூட்டினால் மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறேன், பிறகு பாதித் தெரு போய்த் திரும்பி வந்து நான்காவது தடவை.

அவசரமாக வீடு கட்ட ஒரு காரணம் இருந்தது. அம்பத்தூரில் நாங்கள் குடியிருந்த போர்ஷனை ஆனி முடிவுக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார் வீட்டுக்காரர். அவர் மகனுக்கு ஆவணியில் கல்யாணம். ஆடியில் யாரும் குடி போக மாட்டார்கள், யாரும் வீடு வாடகைக்கும் தர மாட்டார்கள். ஆனிக்குள் பருத்திப்பட்டு மனையில் வீடு எழும்பவில்லை என்றால் வெள்ளானூர் அத்தை வீட்டுக்குத்தான் போக வேண்டும். அத்தை அதைத்தான் சொல்லிக்கொண்டே இருந்தாள். மாமா, அதாவது அத்தையின் புருஷர், செத்துப்போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவள் மகன் வடக்கே வேலையில் இருந்தான். ஐந்து ரூம் வீட்டில் அவள் தனியாக இருந்தாள். எதற்குப் பெட்டியெல்லாம் உடைத்துக் காசைக் கரியாக்குகிறீர்கள், எங்க ஊட்டுப் பின்கட்டு சும்மாதானே கீது என்பாள்.

அம்மாவுக்கு அது உயிர் போகிற விஷயம். கல்யாணமான புதிதில் ஆறு மாதம் அந்தப் பின்கட்டில் இருந்திருக்கிறாள். உப்பு எவ்வளவு போடுகிறாள் என்று அத்தை பக்கத்தில் நின்று பார்ப்பாளாம். இனி அந்த வீட்டுக்குள் பாத்திரம் பண்டத்தோடு காலெடுத்து வைப்பதில்லை என்று அம்மா தீர்மானமாக இருந்தாள். கம்மலையும் வளையலையும் விற்று மனைக்கு அடிசுவர் கட்டினது அவள்தான். மறுபடி விற்க ஒன்றுமில்லை. அந்த மரம் விழுந்து உடைந்தால் வெள்ளானூர்தான். இது பத்து வயதில் எனக்குத் தெளிவாகத் தெரியும், ஏனென்றால் அம்மா சாமியிடம் பேசுவது எப்போதும் சத்தமாகத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு வேலை செய்கிறவர்கள் பத்துப் பேர் வந்து கூட்டை எழுப்பினார்கள். கூடு என்றுதான் ஆசாரி சொல்வார். பத்தடி அகலம், இருபதடி நீளம், எட்டடி உயரம். தரையில் படுக்க வைத்து ஒவ்வொரு பக்கத்தையும் சேர்த்து அடித்து, பிறகு எல்லோருமாகத் தூக்கி நிறுத்தினார்கள். நிமிர்ந்ததும் ஆசாரி நான்கு பக்கமும் மூலைக்கு மூலை பலகை வைத்து அடித்தார். முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு, கைகட்டி நிற்கிற மாதிரி ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே. பக்கவாட்டில் வேறு.

உங்கள் வீட்டில் பழைய கட்டில் இருந்தால் போய் ஒரு காலைத் தள்ளிப் பாருங்கள். மூட்டு தளர்ந்த கட்டில் நான்கு காலோடு ஒரே பக்கமாகச் சாயும். அதே கட்டிலில் ஒரு கால் அடியிலிருந்து எதிர்க் காலின் தலைக்கு ஒரு குச்சியை வைத்து அடித்துவிட்டால் அசையாது. நான் எட்டாவதோடு நின்றவள், இதற்கு என்ன பேர் என்று தெரியாது. ஆனால் ஆசாரி அப்பாவிடம் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "தோ பாரு நைனா, சொவுத்துப் பலகை அடிச்சி முடிக்கிற வரிக்கும் இந்தக் கூடு நிக்கிறது இந்தக் குறுக்குப் பலகையாலதான். எவனும் கை வெக்கக் கூடாது." அப்பா தலையாட்டினார். நான் தலையாட்டவில்லை, மனசுக்குள் இறக்கிக்கொண்டேன். அன்றிலிருந்து எப்போது மனைக்குப் போனாலும் முன்னும் பின்னுமுள்ள நான்கு பலகையையும் தொட்டு எண்ணிவிட்டுத்தான் மற்ற வேலை. முன்பக்கத்துப் பலகை ஒன்றில் குடைப் படம் இருந்தது.

நிலை வைக்க நாள் பார்த்தபோது ஆனியில் ஒரே ஒரு முகூர்த்த நாள்தான் மிச்சம். எங்களுக்கு மட்டும் இல்லை, ஊருக்கே அதுதான் கடைசி நாள். ஆசாரிக்கு அன்று மூன்று நிலை. விடியற்காலை எங்களுடையது, ஒன்பது மணிக்குள் அயனம்பாக்கத்தில் ஒன்று, மத்தியானத்துக்கு மேல் இன்னொன்று. நிலையைப் பாய் கொண்டுவந்து இறக்கினார். இடித்த வீட்டு நிலை, தேக்கு. பழைய நிலையை வைக்கலாமா என்று அத்தை முகம் சுளித்ததும், அது பன்னிரண்டு பிள்ளை பிறந்த வீட்டு நிலை, அத்தனையும் நன்றாக இருக்கிறது என்று பாய் ஒரே போடாகப் போட்டார். அம்மா மூன்றாவது வேண்டாம் என்பது போல அப்பாவைப் பார்த்தாள்.

அன்று காலை கிளம்பும் முன் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினாள். இன்றைக்கு விளக்கு வைக்கிற வரைக்கும் விழும், உடையும், ஒழுகும், போச்சு என்று ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரக் கூடாது. நல்ல நாளில் அபசகுனமாகப் பேசினால் வாயில் சூடு. நான் சத்தியம் செய்தேன்.

அத்தை பட்டுப் புடவையில் வந்து இறங்கினாள். இலைப்பச்சை, அரக்கு பார்டர். ஒயர் கூடையில் பழம், வெற்றிலை, அப்பாவுக்கு வேட்டி. வந்தவள் கூட்டின் முன்னால் நின்று மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாடா இது, வாசலுக்குக் குறுக்கால கட்டைய அடிச்சி வெச்சிகீறே. லட்சுமி குனிஞ்சிகினு வரணுமா உள்ள?"

ஆசாரி உளியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பலகைய எடுத்தா லட்சுமி வர்றதுக்கு வாசலே இருக்காதும்மா."

அத்தை விடுகிறவள் இல்லை. நிலைக்குப் பால் ஊற்றும்போது வாசலை மறித்து எதுவும் இருக்கக் கூடாது, வாசலில் நின்று பார்த்தால் பின்னால் ஆகாசம் தெரிய வேண்டும், முன்னால் எடுத்துவிட்டுப் பின்னால் விட்டால் அது பாதி வழி அடைத்த மாதிரி, பெண் குழந்தை இருக்கிற வீடு, நாளைக்கு இவளுக்கு வரன் வரும்போது தெரியும் என்றாள். என் பேரில் பழி வந்து விழுந்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சத்தியத்தை நினைத்து உதட்டைக் கடித்துக்கொண்டேன். அப்பா அக்காவையும் பார்த்தார், ஆசாரியையும் பார்த்தார். அக்கா சொல்லி அவர் எதைத்தான் தட்டியிருக்கிறார். நேரம் போய்க்கொண்டிருந்தது. ஆசாரி முணுமுணுத்தபடி முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு, நான்கு பலகையையும் கழற்றி வேலியோரம் சாத்தினார். பால் ஊற்றின கையோடு திரும்ப அடித்துவிட வேண்டும் என்று அப்பாவிடம் இரண்டு தடவை சொன்னார்.

பூசை நன்றாகத்தான் நடந்தது. நிலைக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, அடியில் நவதானியமும் ஒரு செப்புக் காசும் போட்டார்கள். அம்மாவும் அத்தையும் பால் ஊற்றினார்கள். ஆசாரி வெற்றிலை பாக்கு, தேங்காய், வேட்டி வாங்கிக்கொண்டு சைக்கிளில் ஏறினார். ஏறும்போதும் பலகையைக் காட்டிவிட்டுத்தான் போனார்.

அப்பா சுத்தியலை எடுத்தார். எடுத்தவர், ஒரு காலைப் பிடித்து உலுக்கிப் பார்த்தார். அசையவில்லை. காற்றே இல்லாத காலை, ஆனி வெயில் ஏறிக்கொண்டிருந்தது. "இன்னாத்துக்கு மச்சான் இந்த ஆள் இப்புடி பயமுறுத்தறான், மலை மாரி நிக்கிது" என்றார் மாமாவிடம். சாப்பிட்டுவிட்டு அடிக்கலாம் என்று சுத்தியலைக் கீழே வைத்தார். இப்போது யோசித்தால் எனக்குப் புரிகிறது. பத்துப் பேர் முக்கி முனகித் தூக்கின பாரம் எப்படி விழும் என்று அப்பா நினைத்திருக்கிறார். தூக்குவதற்குக் கஷ்டமாக இருந்தது விழவும் கஷ்டப்படும் என்று நம்பினார். நல்ல மனிதர்களுக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

சமையல் மாமா பொறுப்பு. மனையின் பின்னால் மூன்று கல் அடுப்பு. சவுக்குக் கட்டை ஈரம், புகைந்து புகைந்து அணைந்தது. சாம்பார் ஆயிற்று, வடையும் ஒருவழியாக ஆயிற்று, பாயசத்துக்கு ஜவ்வரிசி வேகவே மாட்டேன் என்றது. பிறகு பார்த்தால் அடுப்பு திடீரென்று நின்று எரிகிறது. புகையில்லை. கற்பூர வாசனை. எனக்கு அந்த வாசனை தெரியாதா.

போய்ப் பார்த்தேன். மாமா கோடாரியால் பிளந்து வைத்திருந்தார். அடுப்புக்குள் குடைப் படம் பாதி எரிந்துகொண்டிருந்தது. பிடி இருந்தது, குடை இல்லை. வேலியோரம் பார்த்தேன். ஒன்றுமில்லை. நான்கும் போய்விட்டன.

"இன்னா மாரி எரியுது பாத்தியா," என்றார் மாமா என்னைப் பார்த்துச் சந்தோஷமாக. "பாரின் வெறகு."

நான் வாயைத் திறந்தேன். சத்தியம் நினைவுக்கு வந்தது, மூடினேன். விழும் என்ற வார்த்தை இல்லாமல் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். சாயும் என்று சொல்லலாமா. சாயும் என்பது அம்மா சொன்ன பட்டியலில் இல்லை. ஆனால் அம்மா அர்த்தத்தைத்தான் பார்ப்பாள். நான் ஓடிப்போய்க் கூட்டின் முன்பக்கத்துக் கிழக்கு மூலைக் காலில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டேன். என் எடை அப்போது இருபத்திரண்டு கிலோ இருக்கும். அது போதும் என்று நினைத்தேனோ, அல்லது நான் செய்ய முடிந்தது அவ்வளவுதான் என்று நினைத்தேனோ, தெரியவில்லை.

மத்தியானம் வெயில் மேற்கே இறங்கியது. இலை போட்டு உட்கார்ந்தவர்கள் தலையில் வெயில் அடித்தது. பாய் நிலையை மூடிக் கொண்டுவந்த லாரித் தார்ப்பாய் சும்மா கிடந்தது. அப்பா அதைத் தூக்கிக் கூட்டின் மேற்குப் பக்கம் முழுக்க, மேலேயும் கீழேயும் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினார். ஏரி அந்தப் பக்கம்தான். நல்ல நிழல் வந்தது. எல்லோரும் அவரைப் பாராட்டினார்கள். அத்தை பட்டை அவிழ்த்து மடித்து ஒயர் கூடையில் வைத்துவிட்டு நூல் புடவையில் உட்கார்ந்தாள். தம்பி நிழலில் கோரைப்பாயில் தூங்கிப்போனான். பாயசம் மட்டும் அவ்வளவு ருசி என்று பாய் மூன்றாவது கப் கேட்டார். நான் காலை விட்டு நகரவில்லை. மாமா ஒரு தடவை கூப்பிட்டார், அப்பா ஒரு தடவை. பசியில்லை என்றேன். வடை வாசனை வந்துகொண்டிருந்தது.

மூன்று மணி வாக்கில் ஏரிக்குள்ளிருந்து புழுதி எழுந்தது. முதலில் ஒரு சின்னக் காற்று. தார்ப்பாய் வயிறு மாதிரி உள்ளே உப்பி, திரும்பத் தணிந்தது. என் முதுகில் கால் லேசாக அழுத்தியது, திரும்ப விலகியது. யாரோ மூச்சு விடுகிற மாதிரி. மேலே ஒரு ஆணி 'க்ரீச்' என்றது. நான் எத்தனை ஆணி பிடுங்கியிருக்கிறேன், அந்தச் சத்தம் எனக்குத்தான் தெரியும்.

அம்மா எனக்கு இலையில் சோறு போட்டுக்கொண்டு வந்தாள்.

"ஏண்டி இங்கியே நின்னுகினு கீறே. வந்து துண்ணு."

"நான் இங்கியே நிக்கிறேம்மா."

"ஏன்?"

"சொல்லக் கூடாதுன்னியே."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் தலைக்கு மேலே பார்த்தாள். காலுக்கும் விட்டத்துக்கும் நடுவில் ஒரு விரல் அளவு வாய் திறந்து மூடிக்கொண்டிருந்தது. அம்மா இலையைக் கீழே வைத்துவிட்டு, என் பக்கத்தில் வந்து அந்தக் காலில் தோளைக் கொடுத்து நின்றாள். நின்ற பிறகுதான் அப்பாவைக் கூப்பிட்டாள். கத்தவில்லை. கத்தினால் விழுந்துவிடும் என்று அவளும் நினைத்திருக்க வேண்டும்.

அப்போது பெரிய காற்று வந்தது.

தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டு பாய்மரம் மாதிரி உப்பியது. கூடு முழுக்க ஒரே பக்கமாகக் கிழக்கே சாய்ந்தது, தளர்ந்த கட்டில் சாய்கிற மாதிரியேதான். நிலை 'டொக்' என்று ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. அப்பா எச்சில் கையோடு ஓடிவந்து எங்களோடு சேர்ந்தார். மாமா பின்பக்கத்துக் கிழக்குக் காலுக்கு ஓடினார். அத்தை தம்பியைக் கோரைப்பாயோடு இழுத்து வேலியோரம் போட்டுவிட்டு வந்து மாமாவுக்குப் பக்கத்தில் நின்றாள். பாய் மட்டும் எதிர்ப் பக்கம் ஓடினார்.

"தள்றதுலாம் அப்பால, மொதல்ல தார்ப்பாய அவுக்கணும்," என்றார். முடிச்சு அப்பா போட்டது, அவிழவில்லை. பாய் காய் நறுக்கின அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு போய், சொந்தத் தார்ப்பாயின் கயிற்றை ஒவ்வொன்றாக அறுத்தார். கடைசிக் கயிறு அறுந்ததும் தார்ப்பாய் எங்கள் தலைக்கு மேலே பறந்து போய்ப் பக்கத்து மனை முள்வேலியில் விழுந்தது. கூடு கொஞ்சம் நிமிர்ந்தது. ஆனால் காற்று நிற்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் கூடு எங்கள் மேல் வந்து உட்கார்ந்து எழுந்தது.

"பலகை எங்கடா மச்சான், வேலியாண்ட இருந்துச்சே, எடுத்துகினு வா," என்று அப்பா கத்தினார்.

மாமா அடுப்புப் பக்கம் பார்த்தார்.

"டேய், பலகை."

"பாயசம் எப்புடி இருந்திச்சு மாமா," என்றார் மாமா.

பாய் சிரித்துவிட்டார். அந்த நிலைமையில் அவர் சிரித்ததும் அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தோளைக் கொடுத்தபடி அழுதுகொண்டே சிரித்தாள். சிரிப்பில் அவள் உடம்பு குலுங்கினது என் முதுகில் தெரிந்தது. எனக்குப் பயம், சிரித்தால் பிடி தளருமே என்று.

அறுந்த கயிறு பின்பக்கத்துக்கு மட்டும்தான் போதுமாக இருந்தது. பாய் அதைக் கிழக்குக் காலின் தலையிலிருந்து மேற்குக் காலின் அடிக்கு இழுத்துக் கட்டி, நடுவில் ஒரு கட்டையைச் சொருகி முறுக்கினார். லாரியில் பாரம் கட்டுகிறவர்கள் அப்படித்தான் இறுக்குவார்கள். முறுக்க முறுக்கப் பின்பக்கம் அடங்கியது. முன்பக்கத்துக்குக் கயிறு இல்லை. எங்கள் மூன்று பேர் தோள்தான்.

"நீளமா எதுனா கீதா, கெட்டியா," என்று கேட்டார் பாய்.

அத்தை மாமாவின் பக்கத்திலிருந்து நேராக ஒயர் கூடைக்குப் போனாள். இலைப்பச்சைப் பட்டை உதறினாள். ஒரு நொடி பார்டரைப் பார்த்தாள், அவ்வளவுதான். முறுக்கிக் கயிறாக்கிப் பாயிடம் நீட்டினாள்.

அம்மா திரும்பிப் பார்த்து, "அண்ணி, பட்டு," என்றாள்.

"நீ காலைப் புடி," என்றாள் அத்தை.

மாமா நிலையில் ஏறி மேலே முடிச்சுப் போட்டார். பாய் கீழே கட்டினார். நடுவில் பாயசக் கரண்டியைச் சொருகி முறுக்கினார்கள். பட்டு 'கீச்' என்று ஒரு சத்தம் போட்டது. கூடு மெல்ல மெல்ல எங்கள் தோளைவிட்டு எழுந்து தன் காலில் நின்றது. அத்தை, அவளேதான், கரண்டி திரும்பிவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். வாசலுக்குக் குறுக்கே, மூலைக்கு மூலை, அவள் பட்டு. அதன் மேல் மழையின் முதல் துளிகள் விழுந்தன. பெரிய மழை இல்லை. ஐந்து நிமிஷம் பெய்து புழுதியை அடக்கிவிட்டுப் போயிற்று.

அதற்குப் பிறகு அம்மா சோற்று இலையைத் தேடினாள், அது பறந்துபோயிருந்தது. வேறு இலை போட்டு, காலில் சாய்ந்தபடியே எனக்கு ஊட்டிவிட்டாள். பத்து வயதில் யாராவது ஊட்டிவிடுவார்களா. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, இறங்கவும் இறங்கியது. ஐந்து வடை தின்றேன்.

ஆசாரி பொழுது சாயும்போது சைக்கிளில் வந்தார். பலகை அடித்தார்களா என்ற சந்தேகத்தில் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறார். காரியரில் மூன்று தேங்காய், தோளில் மூன்று வேட்டி. சைக்கிளை நிறுத்தாமலே வாசலைப் பார்த்தார். பட்டைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார், அதைப் பிடித்திருந்த அத்தையைப் பார்த்தார்.

"என் பலகைய எரிச்சிட்டு பட்டுல முட்டுக் குடுத்துகினு கீறீங்க. பெரிய எடம்தான்."

ஆசாரி விளக்கு வைப்பதற்குள் வேறு நான்கு பலகை அடித்துவிட்டுத்தான் போனார். இந்தத் தடவை அத்தை கீழே நின்று ஆணி எடுத்துக் கொடுத்தாள். ஒவ்வொரு ஆணியையும் நிமிர்ந்திருக்கிறதா என்று கண்ணருகே வைத்துப் பார்த்துத்தான் கொடுத்தாள்.

ஆனி கடைசி நாள் நாங்கள் குடி போனோம். மேலே சிமென்ட் ஷீட், நான்கு பக்கமும் பெட்டிப் பலகை. நான் படுத்த இடத்தில் சுவரில் இரண்டு அம்பு கீழே பார்த்துக்கொண்டிருந்தன. அவசரத்தில் பலகையைத் தலைகீழாக அடித்துவிட்டார்கள். வீடு கவிழ்ந்துவிடுமோ என்று ஒரு மாதம் தூங்காமல் கிடந்தேன். கவிழவில்லை. பதினாறு வருஷம் நின்றது. பிறகு செங்கல் சுவர் எழுப்பும்போது உள்ளே வைத்துக்கொண்டே வெளியே கட்டினோம், கடைசியில்தான் பலகையைப் பிரித்தோம். எனக்கு வரன் அந்த வாசல் வழியாகத்தான் வந்தான்.

அத்தை எங்களைத் தன் கைக்குள் வைத்துக்கொள்ளப் பார்க்கிறாள் என்றுதான் அம்மா வெகு காலம் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது என் பிள்ளைகள் இரண்டும் வெளியூரில். மூன்று ரூமைப் பெருக்கிக்கொண்டு நான் மட்டும் இருக்கிறேன். ஐந்து ரூமில் ஒருத்தி தனியாகப் பின்கட்டைப் பெருக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தது என்னவென்று இப்போது கொஞ்சம் தெரிகிறது.

அந்தப் பட்டு நடுவில் கிழிந்து, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, கட்டுவதற்கில்லாமல் போனது. குடி போன அன்றே அத்தை வாசலில் நின்று கணக்கைச் சொல்லிவிட்டாள். நானூற்று இருபது ரூபாய்ப் புடவை, பதினைந்து தடவைதான் கட்டியது, ஆனாலும் முழு விலையும் வேண்டும். அம்மா ரோஷக்காரி. அப்பாவின் அந்த மாதச் சம்பளத்திலேயே ஐம்பது ரூபாய் கொடுத்தாள், அத்தை எண்ணி வாங்கிக்கொண்டாள். மிச்சத்தை அம்மா இரண்டு வருஷத்தில் சேர்த்து எடுத்துக்கொண்டு போனபோது, இன்றைக்கு வெள்ளிக்கிழமை, வாங்கக் கூடாது என்றாள் அத்தை. அடுத்த தடவை, நீ எங்க வீட்டுக்கு வந்து கொடுத்தால் மரியாதையில்லை, நானே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றாள். வந்தபோது, பை எடுத்து வரவில்லை என்றாள். அதற்காகவே மாதம் ஒரு தடவை வந்தாள், வந்து ஒரு வாரம் தங்கினாள், உப்பு சரியா என்று பார்த்தாள்.

இப்போது அத்தைக்கு எண்பத்தெட்டு, அம்மாவுக்கு எழுபத்தைந்து. அத்தையால் பஸ் ஏற முடியவில்லை. அதனால் அம்மா பணத்தை மணிபர்ஸில் வைத்துக்கொண்டு ஆட்டோ பிடித்து வெள்ளானூர் போகிறாள், துணைக்கு நான், ஆட்டோ கவிழ்ந்துவிடுமோ என்று கம்பியைப் பிடித்தபடி. போன ஞாயிற்றுக்கிழமையும் போனோம். இரண்டு பேரும் அந்தப் பின்கட்டில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு சாயங்காலம் வரை பேசினார்கள். கிளம்பும்போது அம்மா பர்ஸைத் திறந்தாள். கண் சரியாகத் தெரியவில்லை, இப்போது எண்ணி வாங்கினால் தப்பாகிவிடும், கண் ஆபரேஷன் முடியட்டும் என்றாள் அத்தை. அம்மா பர்ஸை மூடினாள். அடுத்த மாதம் மறுபடி போக வேண்டும். பாக்கி முந்நூற்று எழுபது ரூபாய்.